சர்க்கரை நோய்ப் பிரிவில் மனத்தைப் பற்றி ஏன் கேட்கிறோம்?

கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா? சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெற வருவோரிடம் நாங்கள் கேட்கும் இவ்விரு கேள்விகளும் சிலரைத் துணுக்குறச் செய்கின்றன. 'எனக்கென்ன பைத்தியமா?' என்று வெளிப்படையாகவே கேட்டுவிடுவோரும் உண்டு. நீரிழிவு உடையோரிடம் மனச்சோர்வு பிறரைக் காட்டிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. அது வந்துவிட்டால் மாத்திரை தவறும். உணவுக் கட்டுப்பாடு தளரும். சர்க்கரையின் அளவு ஏறும். எனவே, இரத்த அழுத்தம் பார்ப்பதைப் போன்றதே இதுவும்.

இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' எனில், ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பச் சொல்கிறோம். மதிப்பெண் 0 முதல் 27 வரை. அது 10-ஐ எட்டினால் விரிவாக ஆராய்கிறோம். மதிப்பெண் மட்டுமே நோயை உறுதி செய்துவிடாது. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

ஒன்பதாம் கேள்வி, சாவைப் பற்றிய எண்ணம் குறித்தது. 'இல்லாத எண்ணத்தை விதைத்துவிடாதீர்கள், டாக்டர்' என்று உடன் வந்தோர் தடுப்பதுண்டு. கேட்பதனால் அவ்வெண்ணம் தோன்றுவதில்லை என்பதே ஆய்வுகள் காட்டும் உண்மை. மாறாக, சொல்ல வாய்ப்புக் கிடைத்ததே பலருக்கு ஆறுதலாகிறது. அவ்வேளையில் குடும்பத்தாரைச் சற்று வெளியே இருக்குமாறு வேண்டினால், அருள்கூர்ந்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு இருந்தது. மனச்சோர்வு உடையோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, எம்.பி.பி.எஸ். முடித்தவர் மனநல மருத்துவத்தில் எம்.டி. பெற மேலும் மூன்றாண்டுகள் ஆகின்றன. அதுவரை நோய் காத்திருக்குமா? ஆகவேதான் பொது மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இப்பயிற்சி அளிக்கப்படுகிறது.

பயிற்சியில் கடினமானது மருந்துகளின் பெயர்களைக் கற்பதன்று. குறுக்கிடாமல் கேட்பதும், எவரை உடனே நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என அறிவதுமே. தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்டல், மகப்பேற்றுக்குப் பின் தோன்றும் கடும் சோர்வு ஆகியவற்றில் தாமதம் கூடாது. மற்றவர்களுக்கு ஆலோசனையும், தேவையெனில் மருந்தும் இங்கேயே தொடங்கலாம். மருந்தின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும்; தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

இரவில் வீட்டில் எவரேனும் 'இனி வாழ்ந்து என்ன பயன்' என்று கூறினால், காலைவரை காத்திராமல் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து எனத் தோன்றினால் அவரைத் தனியே விடாமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.