டாக்டர் மீதே வழக்கு... தீர்ப்பு சொன்ன குழந்தைகள்! ஒரு யூதர் இல்லத்தின் கதை

'கிளாஸ் லீடர்' என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்கள்? டீச்சர் வகுப்பை விட்டு வெளியே போனதும் சாக்பீஸை எடுத்து, பேசுகிறவர்கள் பெயரையெல்லாம் போர்டில் எழுதும் பையனோ பெண்ணோதானே? ஒரு மிட்டாய் கொடுத்தால் பெயர் அழிந்துவிடும். பிடிக்காதவன் என்றால் பேசாமல் இருந்தாலும் பெயர் ஏறிவிடும். டீச்சரின் கண்ணும் காதுமாக இருப்பதுதான் தலைமை என்று நம்மில் பலர் அந்த வயதிலேயே நினைத்துக்கொண்டோம்.

நூறு வருடங்களுக்கு முன்பு, போலந்து நாட்டின் வார்சா நகரில் ஒரு குழந்தைகள் இல்லம் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தது. குரோக்மால்னா தெரு, 92-ம் எண் கட்டடம். பெற்றோரை இழந்த, அல்லது வளர்க்க வழியில்லாத யூதக் குழந்தைகளுக்காக 1912-ல் அது திறக்கப்பட்டது. சுமார் 100 குழந்தைகள் அங்கே வளர்ந்தார்கள்.

இல்லத்தை நடத்தியவர் யானுஷ் கோர்ச்சாக். குழந்தைகள் மருத்துவர், எழுத்தாளர். இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். இல்லத்தின் அன்றாடப் பொறுப்பைத் தோளில் சுமந்தவர் ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்ற பெண்மணி.

குலுக்கலில் வந்த நீதிபதிகள்

இல்லத்துக்கென்று ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதிகள் ஐந்து பேருமே குழந்தைகள். நன்றாகப் படிக்கிறவர்கள், டாக்டருக்குப் பிடித்தவர்கள் என்றெல்லாம் பார்த்து அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த வாரம் யார் மீது வழக்கு இல்லையோ, அவர்கள் பெயர்களைக் குலுக்கிப்போட்டு எடுத்தார்கள். இந்த வாரம் நீதிபதியாக இருப்பவன், அடுத்த வாரம் குற்றம் சாட்டப்பட்டவனாக நிற்கலாம். அதனால் தீர்ப்பு சொல்லும்போதே, தனக்கும் இப்படி ஒரு நாள் வரும் என்ற நினைப்பு இருக்கும்.

சட்டப் புத்தகத்தையும் கோர்ச்சாக்கே எழுதினார். அதில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்புக்கோ, வழக்கைக் கைவிடுவதற்கோ உரியவை. தெரியாமல் செய்துவிட்டான், வருத்தப்படுகிறான், இனி திருந்த முயற்சி செய்வான் என்று காரணங்கள் நீளும். 100-ம் பிரிவில்தான் கண்டிப்பு ஆரம்பிக்கும். அதிலும் அடி கிடையாது, பட்டினி கிடையாது. 'நீ செய்தது தவறு' என்று சொல்வது, இல்லத்தின் பத்திரிகையில் போடுவது, வீட்டாருக்குத் தெரிவிப்பது என்று படிப்படியாக ஏறும். இல்லத்தை விட்டு அனுப்புவது கடைசிப் பிரிவான 1000.

டாக்டரும் கூண்டில் ஏறினார்

முதல் முயற்சியிலேயே எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. பிள்ளைகள் நீதிமன்றத்தைக் கேலி செய்தார்கள். பொய் வழக்குகளும் வந்தன. கோர்ச்சாக்கே சில வாரங்கள் அதை நிறுத்தி வைத்தார். மறுபடியும் தொடங்கியபோது முக்கியமான ஒரு விதி சேர்ந்திருந்தது: பெரியவர்கள் மீதும் குழந்தைகள் வழக்குப் போடலாம்.

கோர்ச்சாக் ஒரு படி மேலே போனார். ஆறு மாதங்களில் ஐந்து முறை தன் மீது தானே வழக்குப் பதிந்தார். ஒரு பையனின் காதில் அடித்தது, இன்னொருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிற்க வைத்தது, ஒரு நீதிபதியை அவமதித்தது, ஒரு சிறுமியைத் திருடி என்று சந்தேகப்பட்டது. இந்த ஐந்து வழக்குகள்தான் தன்னைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆசிரியனாக மாற்றின என்று பிற்பாடு எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் கோபத்தில் பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அப்புறம் ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளிப்போம். 'நான் செய்தது தப்பு, நீயே சொல்' என்று பிள்ளையின் முன்னால் நின்றிருக்கிறோமா?

துடைப்பத்துக்கும் மரியாதை

நீதிமன்றம் தவிர, குழந்தைகளுக்கென்று ஒரு பாராளுமன்றமும் இருந்தது. பெருக்குவது, பாத்திரம் கழுவுவது, சமையலறையில் உதவுவது என்று வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். துடைப்பத்தையும் வாளியையும் ஒளித்து வைக்கக் கூடாது, மரியாதையான இடத்தில் வைக்க வேண்டும் என்பது கோர்ச்சாக்கின் கொள்கை.

புதிதாக வரும் குழந்தைக்கு, மூத்த குழந்தை ஒன்று மூன்று மாதங்களுக்குத் துணையாக இருக்கும். டாக்டரிடம் நேரில் சொல்லத் தயங்குகிறவர்களுக்கு ஒரு கடிதப் பெட்டி. சொல்ல வருவதை எழுத உட்கார்ந்தாலே, எது முக்கியம், எது சில்லறை விஷயம் என்று குழந்தையே பிரித்துப் பார்க்கும் என்று அவர் நம்பினார்.

1926 அக்டோபரில் குழந்தைகளே எழுதும் வாரப் பத்திரிகையையும் தொடங்கினார். பெயர் 'மாவி ப்ஷெக்லோண்ட்'. 'சின்ன விமர்சனம்' என்று சொல்லலாம். யூத நாளிதழ் ஒன்றின் வெள்ளிக்கிழமை இணைப்பாக அது வெளிவந்தது. போலந்தின் பல ஊர்களிலிருந்தும் குழந்தைகள் அதற்கு எழுதினார்கள். கடைசி இதழின் தேதி 1939 செப்டம்பர் 1. ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்த நாள் அது.

தாகூரின் நாடகம்

1940-ல் நாஜிக்கள் வார்சாவின் யூதர்களை மதில் கட்டிய ஒரு பகுதிக்குள் அடைத்தார்கள். இல்லமும் அங்கே மாற வேண்டியதாயிற்று. பசி, நோய். சுமார் 200 குழந்தைகளின் சாப்பாட்டுக்காக, அறுபதைக் கடந்த கோர்ச்சாக் வீடு வீடாகப் போய்க் கையேந்தினார்.

1942 ஜூலை 18 அன்று அந்தக் குழந்தைகள் ஒரு நாடகம் போட்டார்கள். நம் ரவீந்திரநாத் தாகூர் எழுதிய 'அஞ்சல் நிலையம்'. நோயால் அறைக்குள்ளேயே கிடக்கும் அமல் என்ற சிறுவன், ஜன்னல் வழியே உலகத்தைப் பார்த்துக்கொண்டு, ராஜாவின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் கதை. மதிலுக்குள் கிடந்த அந்தக் குழந்தைகளுக்கு அமலைப் புரியவைக்க யாரும் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள்.

நான்கே நாட்களில், வார்சா யூதர்களை ட்ரெப்ளிங்கா மரண முகாமுக்கு அனுப்பும் வேலை ஆரம்பித்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் இல்லத்தின் முறை வந்தது. தப்பிக்க வழி செய்கிறோம் என்று நண்பர்கள் முன்பே அழைத்திருந்தார்கள். கோர்ச்சாக் மறுத்துவிட்டார். ஸ்டெஃபானியாவும் மற்ற ஊழியர்களும் பிள்ளைகளை விடவில்லை. எல்லோரும் வரிசையாக நடந்து ரயிலேறினார்கள். யாரும் திரும்பவில்லை.

ட்ரெப்ளிங்காவில் இன்று ஆயிரக்கணக்கான நினைவுக் கற்கள் நிற்கின்றன. தனி மனிதர் ஒருவரின் பெயர் இருப்பது ஒரே ஒரு கல்லில்தான். 'யானுஷ் கோர்ச்சாக்... குழந்தைகளும்' என்று அதில் பொறித்திருக்கிறார்கள்.

நமக்கு என்ன?

குழந்தைகளின் உரிமைகளுக்கு உலக உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று 1978-ல் ஐ.நா.வில் முன்மொழிந்த நாடு போலந்து. 1989 நவம்பர் 20 அன்று அது நிறைவேறியது. இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது அதன் 12-வது பிரிவு. கோர்ச்சாக் அதைச் சட்டமாவதற்குப் பல வருடங்கள் முன்பே சாப்பாட்டு மேஜையிலும் படுக்கையறையிலும் நடத்திக் காட்டியிருந்தார்.

நம் வீட்டில் நீதிமன்றமெல்லாம் வைக்க வேண்டாம். ஒரு பழைய ஷூ டப்பாவில் ஓட்டை போட்டு ஹாலில் வைத்துப் பாருங்கள். 'அம்மா, அப்பா மேல் என்ன கோபம் என்றாலும் எழுதிப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து படிப்போம். திட்ட மாட்டோம்' என்று சொல்லுங்கள்.

முதல் வாரம் டப்பா காலியாகவே இருக்கலாம். நிஜமாகவே திட்ட மாட்டீர்கள் என்று பிள்ளைகள் நம்புவதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.