விளக்கா, கேத்தலா? – மின்வலுவும் மின்சக்தியும்

மாத முடிவில் மின்சாரப் பட்டியல் வந்து சேர்ந்ததும் பல இல்லங்களில் ஒரு சிறு வழக்குத் தொடங்கிவிடுகிறது. "பிள்ளை, படித்தது போதும். விளக்கை அணைத்துவிட்டுப் படு. பட்டியலைப் பார்த்தாயா?" என்கிறார் தந்தையார். பரீட்சையை எதிர்நோக்கியிருக்கும் மகள் மறுமொழி கூறாது விளக்கை அணைக்கிறாள். விடிந்ததும் தந்தையாரே தமது ஒரு கோப்பைத் தேநீருக்காக மின்கேத்தல் நிறைய நீரைக் கொதிக்க வைக்கிறார். இவ்வழக்கில் நீதி யார் பக்கம்? வலு, சக்தி என்னும் இரு சொற்களின் பொருளை அறிந்தால் நாமே தீர்ப்புக் கூறிவிடலாம்.

ஒரு மின்கலத்தையும் சிறு மின்குமிழையும் கம்பிகளால் இணைத்தால் மின்சுற்றுப் பூர்த்தியாகிக் குமிழ் ஒளிர்கிறது. மின்னோட்டம் குமிழிலே செலவாகிவிடுகிறது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. குமிழினுட் புகும் மின்னோட்டமும் அதிலிருந்து வெளிவரும் மின்னோட்டமும் அளவிற் சமமானவை. அப்படியாயின் செலவாவது யாது?

இதற்கு விடையை நமது மலைநாட்டிற் காணலாம். அருவிகளின் வலிமையைக் கொண்டு மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். லக்சபான நீர்மின் நிலையம் 1950 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அங்கே உயரத்திலிருந்து குழாய் வழியே பாய்ந்து வரும் நீர், சுழலியைச் சுழற்றியபின் மீண்டும் ஆற்றைச் சேர்கிறது. நீர் குறைவதில்லை, உயரத்தில் நின்றமையால் அது பெற்றிருந்த சக்தியே சுழலிக்குக் கைமாறுகிறது. மின்சுற்றிலும் அவ்வாறே. மின்னோட்டம் சுற்றி வருகிறது. அது கொண்டுவந்த சக்தி குமிழில் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது.

நீர் சுழலியை எவ்வளவு வலிமையுடன் சுழற்றும் என்பது இரண்டைப் பொறுத்தது. ஒன்று நீர் விழும் உயரம். மற்றது ஒவ்வொரு செக்கனிலும் விழும் நீரின் அளவு. மின்சுற்றில் உயரத்துக்கு ஒப்பானது வோல்ற்றளவு. நீரின் ஒழுக்குக்கு ஒப்பானது அம்பியரில் அளக்கப்படும் மின்னோட்டம். இவ்விரண்டையும் பெருக்கினால் வருவது மின்வலு. அதன் அலகாகிய வாற்று, நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாற்றின் (1736–1819) பெயரைத் தாங்கியது. செக்கனுக்கு ஒரு யூல் சக்தி செலவாயின் அங்கே வலு ஒரு வாற்று என்பர்.

ஆகவே, வலு என்பது சக்தி செலவாகும் வேகம். வண்டியின் வேகத்தை மட்டும் அறிந்து அது சென்ற தூரத்தைக் கூற இயலாது. எவ்வளவு நேரம் ஓடியது என்பதும் தெரியவேண்டும். அதுபோலவே வலுவை நேரத்தாற் பெருக்கினாலன்றிச் செலவான சக்தி புலப்படாது. பட்டியலில் ‘அலகு’ எனக் குறிக்கப்படுவது இச்சக்தியே. 1000 வாற்று வலுவுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஓர் அலகு செலவாகும். அது 36 இலட்சம் யூலுக்குச் சமம். 70 கிலோகிராம் நிறையுடைய இருவரைக் கடல் மட்டத்திலிருந்து 2,524 மீற்றர் உயரமான பிதுருதாலகால மலையின் உச்சிக்குத் தூக்குவதற்கு அச்சக்தி போதுமானது!

இனி வழக்கை விசாரிப்போம். மகளின் மேசை விளக்கு 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ். நாளொன்றுக்கு 3 மணி நேரமாக 30 நாட்கள் எரிந்தால் 810 வாற்று மணி செலவாகும். அதாவது ஓர் அலகிலும் குறைவு. தந்தையாரின் கேத்தலோ 2000 வாற்று வலுவுடையது. ஒரு லீற்றர் நீரைக் கொதிக்க வைக்க அதற்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் வேண்டும். நாளுக்கு நான்கு முறையாயின் 10 நிமிடம். மாதத்துக்கு 5 மணி நேரம். அதன் செலவு 10 அலகு! தேநீர் அருந்தவேண்டாம் என்று எவரும் கூறார். ஒரு கோப்பைக்கு வேண்டிய கால் லீற்றரை மட்டும் கொதிக்க வைத்தால் அச்செலவின் பெரும்பகுதி மிஞ்சும். அலகுகள் கூடக்கூட ஓர் அலகின் விலையும் படிப்படியாக உயர்வதால், இச்சிக்கனம் சிறியதன்று.

வலுவை அறிவதனாற் பணத்தினும் மேலான நன்மை ஒன்று உண்டு, அது பாதுகாப்பு. நமது வீடுகளுக்கு மின்சாரம் 230 வோல்ற்றில் வருகிறது. 2000 வாற்றை 230 ஆல் வகுத்தால், அக்கேத்தல் இழுக்கும் மின்னோட்டம் 8.7 அம்பியர் என்பது தெரியும். 5 அம்பியருக்கென அமைந்த குதையில் அதனைச் செருகினால் யாது நேரும்? கம்பியிற் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். இங்கே கம்பி தாங்கக்கூடிய வெப்பத்தைப்போல் மூன்று மடங்கு வெப்பம் உண்டாகிறது. கம்பியின் உறை உருகும், தீயும் பற்றலாம். இதனைத் தடுக்கவே உருகி வைக்கப்படுகிறது. உருகி அடிக்கடி அறுகிறதென்று தடித்த கம்பியை அதனிடத்திற் கட்டுவது, காவற்காரனை உறங்கவைத்துக் கதவைத் திறந்துவிடுவதை ஒக்கும்.

ஒவ்வொரு மின்கருவியின் அடியிலும் அதன் வாற்று அளவு பொறிக்கப்பட்டிருக்கும். இன்று மாலை பிள்ளைகள் ஒரு தாளில் அவற்றை வரிசையாக எழுதி, நாளாந்தம் அவை இயங்கும் நேரத்தாற் பெருக்கிப் பார்க்கட்டும். பெற்றோரும் அருகே அமர்ந்து பார்க்கலாம். அப்பொழுது, படிக்கும் பிள்ளையின் விளக்கை அணைக்கவேண்டிய அவசியம் இல்லை என்பது யாவர்க்கும் விளங்கும்.