அறைக்குள் போவது எது, காட்டில் நிற்பது எது?

முதியோர் குடியிருப்புக்குப் போகிற நகரத்துக்காரருக்குச் சோபாவும் பாத்திரமும்தான் பிரச்சினை. சம்சாரிக்கு அப்படி இல்லை. விதை, மாடு, பத்திரம், மழைக்கணக்கு என்று எல்லாமே உயிருள்ள சாமான்கள். நம் இயக்கத்திலும் எழுபது, எண்பதைத் தொட்டவர்கள் கூடிவிட்டதால் இதைப் பேசத்தான் வேண்டும்.

எங்கள் நாரணாபுரத்தில் பக்கத்துப் புஞ்சை அண்ணாச்சிக்கு 81 வயது. மதினிக்கு மூட்டுவலி முற்றி, ராத்திரி எழுந்திருக்கவே ஆள் வேண்டும் என்றாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் ஆள் போகிற ஊரில், வீட்டுத் துணைக்கு யார் வருவார்? கோயம்புத்தூர் பக்கம் ஒரு குடியிருப்பு முடிவானது. இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஒரு மேசை. ஐம்பது வருஷச் சம்சாரித்தனம் அதுக்குள் அடங்க வேண்டும்.

பெரிய வழக்கு விதையில்தான் வந்தது. குலுக்கையிலும் பானைகளிலும் குதிரைவாலி, நாட்டுக்கம்பு, இருங்குச்சோளம், தட்டப்பயறு, சுரை, பாகல், மல்லி. "தம்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கை அள்ளிப் பாட்டிலில் போட்டுக்கிடுதேன். கண்ணு முன்னால இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "பாட்டில்ல போட்டுப் பாக்கதுக்கு அது என்ன ஊறுகாயா?"

நான் மதினி கட்சி. நிலக்கடலையும் வெங்காய விதையும் ஒரு வருஷம் தாண்டினாலே முளைப்பு சரிகிறது. சிறுதானியம் நன்றாகக் காய்ந்திருந்தால் சில வருஷம் தாங்கும். அதற்கும் முடிவு உண்டு. விதைத்தால்தான் விதை. நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் திரட்டிய ரகங்கள் இன்றும் வயலில் நிற்கக் காரணம், திருவிழாவுக்கு வந்தவரிடம் 2 கிலோ கொடுத்து, மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டதுதான்.

அதனால் ஒவ்வொரு பானையிலும் நூறு விதை எண்ணி, ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து முளைப்பு பார்த்தோம். எழுபதுக்குக் கீழே வந்ததை, விதையளவைக் கூட்டிப் போடச் சொல்லிக் கொடுத்தோம். ஒரே வீட்டில் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ரகமும் இரண்டு வீட்டுக்கு. ஒருவருக்கு மழை பொய்த்தாலும் இன்னொருவரிடம் மிஞ்சும். பேர், பட்டம், எத்தனை நாள் பயிர், எந்த மண் என்று மதினி சொல்லச் சொல்ல நான் சீட்டு எழுதினேன். விதையைச் சேமிக்கவும் கைமாற்றவும் நமக்கு உரிமை உண்டு என்று 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது, தயங்க வேண்டியதில்லை.

அடுத்தது டைரிகள். டைரி அச்சாகிற ஊர்க்காரர்தானே! வருஷத்துக்கு ஒன்றாக அட்டைப்பெட்டி நிறைய இருந்தது. எந்தத் தேதியில் ஒரு உழவு மழை, எந்த வருஷம் கம்பில் தேன்ஒழுகல், எல்லாம் அதில் இருக்கிறது. காட்டைப் பார்க்கப் போகிற இளைஞனுக்கு இது வேண்டும். அண்ணாச்சிக்கோ ராத்திரி புரட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. மூலம் அவரோடு போகட்டும், ஜெராக்ஸ் காட்டுக்கு என்று தீர்த்தோம். பையனுக்கு வேண்டியது தகவல். அவருக்கு வேண்டியது அந்தக் கையெழுத்து.

மாட்டை இரண்டு மாசம் முன்னாடியே கொடுத்தார்கள். புதுக் கைக்குப் பழக அவகாசம் வேண்டும். அதற்கு மேல் அதைப்பற்றி எழுத மனசில்லை.

பத்திரத்தில் மட்டும் என் பழைய பேங்க் புத்தியைச் சொல்கிறேன். மூலப்பத்திரம் அறைக்கும் வேண்டாம், பிள்ளைகள் பீரோவுக்கும் வேண்டாம். இருவர் பேரிலும் லாக்கர், யாரேனும் ஒருவர் திறக்கலாம் என்ற ஏற்பாட்டோடு. டெபாசிட்டுக்கு நாமினி போட்டாலே அவர் சொத்துக்காரர் ஆகிவிட மாட்டார்; உயில் தனி. நிலத்தை இப்போதே தானசெட்டில்மெண்ட் எழுதுகிறவர்கள், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதிலேயே எழுதுங்கள். மீறினால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ரத்து கேட்கலாம். குத்தகையையும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எழுதாத குத்தகையைப் பயந்து தரிசாகப் போட்டு, சீமைக்கருவேலம் மண்டிய புஞ்சை எங்கள் பக்கம் கொஞ்சமா?

அறைக்கு என்ன போயிற்று என்று கேட்பீர்கள். காதுக்கருவி, வழுக்காத செருப்பு, மருந்துச்சீட்டுக் கட்டு, கல்யாணப் போட்டோ ஒன்று, காம்பு தேய்ந்த களைக்கொத்தி. களைக்கொத்தி எதற்கு என்று மகள் சிரித்தாள். அங்கே தொட்டி வைக்க இடம் உண்டா என்று மதினி முதலிலேயே கேட்டு வைத்திருந்தார். நாலு தொட்டிக்கு அனுமதி. கற்பூரவல்லியும் துளசியும் பதியன் போட்டுக் கொண்டுபோனார்.

சாப்பாட்டை முன்பணம் கட்டுமுன் பேசுங்கள். வருஷக்கணக்கில் நஞ்சில்லாத் தானியம் சாப்பிட்ட உடம்பு அது. இருவருக்காகத் தனியாக உலை வைக்க முடியாது என்றார்கள். ஆனால் நாம் கொடுக்கும் கம்பு மாவில் காலையில் கூழ் காய்ச்சித் தரச் சம்மதித்தார்கள். மாசம் ஐந்து கிலோ பார்சல் என் பொறுப்பு. திரித்த கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும் என்பதால் அனுப்புகிற அன்றுதான் திரிப்பேன்.

இன்னொன்று. எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிடாதீர்கள். அண்ணாச்சியின் இரண்டு வேட்டி, ஒரு தலைத்துண்டு, காட்டுச் செருப்பு எங்கள் மோட்டார் ரூமில் ஆணியில் தொங்குகின்றன. புரட்டாசி விதைப்புக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.