மீன் எண்ணெய் கொடுக்கிறீர்களா? கரண்டியைக் கவனியுங்கள்!

மதியம் பாலர் பள்ளி விடுகிற நேரத்தில் எங்கள் அம்பத்தூரில் வாசலில் காத்து நிற்கும் இளம் தாய்மார்கள் பேச்சைக் கேட்டால், பாதி 'பிள்ளை சாப்பிட மாட்டேங்குது' என்கிற கதை. மீதி மீன் எண்ணெய். "அக்கா, மூணு வயசாச்சு, மீன் எண்ணெய் குடுக்கலாமா? புத்தி நல்லா வளருமாமே!" என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். பாட்டிலைத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் 'மீன் எண்ணெய்' என்று கேட்டால் இரண்டு விதமான சரக்கு வரும். மீனின் சதையிலிருந்து எடுப்பது ஒன்று. அதில் முக்கியமாக இருப்பது ஒமேகா-3 கொழுப்பு. காட் என்ற மீனின் ஈரலிலிருந்து எடுப்பது மற்றொன்று. இந்த ஈரல் எண்ணெயில் ஒமேகா-3யோடு வைட்டமின் ஏயும் டியும் நிறைய உண்டு. இரண்டும் ஒன்றுதானே என்று மாற்றி வாங்கிவிடுவதில்தான் சிக்கல்.

ஈரல் எண்ணெய்க்குப் பெருமை வந்தது வெயில் குறைந்த நாடுகளில். அங்கே குழந்தைகளுக்குக் கால் வளைந்து போகும் 'ரிக்கெட்ஸ்' நோய் அதிகம். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் அரசாங்கமே பிள்ளைகளுக்கு இந்த எண்ணெயைக் கொடுத்தது. 1940-ல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்ததும் அங்கிருந்து நமக்கு வந்த சரக்கு நின்றது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த கோழிக்கோட்டில் மீன் துறையினர் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள். நம் அம்மா, பாட்டிமார் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய சுறா எண்ணெய் டானிக்குகளுக்கு இப்படி ஒரு பழைய கதை உண்டு.

வைட்டமின் ஏ சாதாரண விஷயமில்லை. அது குறைந்தால் மாலைக்கண் வரும். முற்றினால் கண்ணே போய்விடும். அதற்காகத்தான் 1970-ல் மத்திய அரசு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்க ஆரம்பித்தது. இப்போது 9 மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு லட்சம் யூனிட் என்று 5 வயது வரை கொடுக்கிறார்கள். அங்கன்வாடியில் நர்ஸம்மா கரண்டியில் ஊற்றுவது இதுதான்.

நம் திருச்சி மாவட்டத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஒரு வருஷம் வாராவாரம் போய்ப் பார்த்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வாரம் 8,333 யூனிட் வைட்டமின் ஏ கிடைத்தது. அவர்களிடையே இறப்பு மற்றவர்களைவிடப் பாதிக்கும் மேல் குறைந்தது. 1990-ல் வெளிவந்த முடிவு இது. சத்துக் குறைவு மிகுந்த ஏழைக் குழந்தைகளுக்கு அந்தச் சிறு அளவே உயிரைக் காத்தது.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காட் ஈரல் எண்ணெய் ஒரு டீஸ்பூனில் சுமார் 4,500 யூனிட் வைட்டமின் ஏ இருக்கிறது. தினம் ஒரு ஸ்பூன் கொடுத்தால் வாரத்துக்கு 31,500. திருச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்ததைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு! ஒன்று முதல் மூன்று வயது வரை தினம் 2,000 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க நிபுணர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். இதோடு அங்கன்வாடித் திரவம், டாக்டர் எழுதிய சொட்டு மருந்து, பாலில் கலக்கும் சத்து மாவு எல்லாம் சேர்ந்தால்? வைட்டமின் ஏ மிஞ்சினால் சிறுநீரில் போய்விடாது, ஈரலில் தங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும் என்பதும் அதனால்தான். தினமும் மிஞ்சினால் பசியின்மை, வாந்தி, தலைவலி, தோல் உரிதல், முடி கொட்டுதல், எலும்பு வலி என்று ஒவ்வொன்றாக வரும். பிள்ளை சாப்பிடவில்லையே என்று இன்னும் ஒரு ஸ்பூன் ஊற்றுகிற தாய்க்கு, அந்த ஸ்பூனே காரணமாக இருக்கலாம் என்று தோன்றாது, பாவம்.

அளவு கரண்டி சிறிய விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2001 நவம்பரில் அசாமில் வைட்டமின் ஏ முகாம் நடந்தபோது, வழக்கமான 2 மில்லி கரண்டிக்குப் பதில் 5 மில்லி கப் கொடுத்திருந்தார்கள். பல குழந்தைகள் நோய்ப்பட்டார்கள். சில குழந்தைகள் இறந்தும் போனார்கள். மருந்துதான் காரணமா என்று பெரிய சர்ச்சையே நடந்தது. எப்படியானாலும், பாட்டிலோடு வரும் மூடியால் மட்டுமே அளக்க வேண்டும். சமையல் கரண்டி கூடவே கூடாது.

மாமியார்மார் கோபித்துக்கொண்டாலும் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அழுகிற பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து எந்த எண்ணெயும் புகட்டாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போனால் எண்ணெய் அங்கேயே தங்கி நிமோனியா வரும். தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இப்படி வருவதைப் பற்றி 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' 1973-லேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறது. மாத்திரையை முழுசாக விழுங்கத் தெரியாத குழந்தைக்கு அதுவும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சரி, ஒமேகா-3 எண்ணெயாவது மூளைக்கு நல்லதில்லையா? நன்றாகச் சாப்பிடும் பிள்ளை அந்த மாத்திரையால் படிப்பில் கெட்டிக்காரனாகிவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. கைக்குழந்தைக்கு டாக்டர் எழுதும் வைட்டமின் டி சொட்டு வேறு சமாச்சாரம், அதை நிறுத்தாதீர்கள். ஈரல் எண்ணெய் கொடுத்தே தீருவது என்றால், தடுப்பூசி அட்டையையும் வீட்டிலுள்ள டானிக் பாட்டில்களையும் டாக்டர் முன்னால் வைத்துக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், மாத்திரைக்குக் கொடுக்கிற காசுக்கு மத்தியோ நெத்திலியோ வாங்கிவிடுவேன். மத்தியில் ஒமேகா-3 தாராளம், விலையும் மலிவு. வாரம் இரண்டு தரம், காரம் குறைத்து ஆவியில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, ரசம் சாதத்தில் பிசைந்து கொடுங்கள். சுறா மாதிரிப் பெரிய மீன் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். பாதரசம் அதில்தான் அதிகம். சைவ வீடுகளில் முருங்கைக்கீரை, பரங்கிப்பழம், கேரட், பப்பாளி இருக்கவே இருக்கின்றன. கீரையைப் பருப்போடு மசித்து அரை ஸ்பூன் நெய் விட்டுக் கொடுங்கள். கொழுப்போடு சேர்ந்தால்தான் அந்தச் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும்.