ஹெல்மெட் போடாதவருக்கு இழப்பீடு கிடைக்குமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடி பக்கம் மேற்கே திரும்பி ஆரோவிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது குயிலாப்பாளையம். வாடகை ஸ்கூட்டரில் வரும் வெளியூர்க்காரர்கள், வேலைக்குப் போகும் உள்ளூர்க்காரர்கள், சரக்கு ஏற்றிய மினி வேன்கள், மாடுகள் எல்லாம் ஒரே குறுகிய சாலையில். இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஹெல்மெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஏராளம். விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால், கூடும் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஹெல்மெட் போடலையே, கேஸ் நிக்காதுப்பா."

இந்தப் பேச்சை நம்பியே பல குடும்பங்கள் வழக்குப் போடாமல் விட்டுவிடுகின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

அபராதம் வேறு, இழப்பீடு வேறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 129-வது பிரிவு ஓட்டுபவருக்கும் பின்னால் உட்கார்பவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு. 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட்டைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரனின் உத்தரவு பலருக்கு நினைவிருக்கும். இதெல்லாம் போலீசுக்கும் வண்டியோட்டிக்கும் இடையிலான கணக்கு. ஹெல்மெட் போடாதவர் இழப்பீடு கேட்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் எங்குமே எழுதப்படவில்லை. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முதலில் கேட்பது, விபத்து யாருடைய கவனக்குறைவால் நடந்தது என்பதைத்தான். தவறான பக்கத்தில் வந்து மோதிய வேன்காரரின் பிழை, மோதப்பட்டவர் வெறுந்தலையோடு வந்தார் என்பதால் குறைந்துவிடாது.

இதற்குப் பிடிமானமாக ஒரு தீர்ப்பு உண்டு. ஒரே பைக்கில் மூன்று பேர் போகும்போது பின்னாலிருந்து கார் மோதியது. பின்னிருக்கையில் இருந்த 23 வயது இளைஞர் இறந்தார். மூன்று பேர் போனது விதிமீறல், எனவே இறந்தவர் மீதும் தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் இழப்பீட்டில் 10 விழுக்காடு கழித்தது. 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் என்.வி.ரமணா, வி.ராமசுப்பிரமணியன் அமர்வு அந்தக் கழிவை ரத்து செய்தது. விதியை மீறியது மட்டும் போதாது. அந்த மீறல் விபத்துக்கோ காயத்தின் தன்மைக்கோ காரணமானது என்று காட்ட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். வழக்கறிஞரிடம் போகிறவர்கள் '(2020) 3 எஸ்.சி.சி. 57' என்று குறித்துக்கொண்டு போகலாம். உரிமம் இல்லாமல் ஓட்டியதாலேயே விபத்தில் பங்குண்டு என்று சொல்லிவிட முடியாது என 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஹெல்மெட்டுக்கும் இதே அளவுகோல்தான். காலில் எலும்பு முறிவு என்றால் ஹெல்மெட் பேச்சுக்கே இடமில்லை. தலையில் அடி என்றால்தான் கேள்வி எழும்: 'போட்டிருந்தால் காயம் குறைந்திருக்குமே?' இன்சூரன்ஸ் நிறுவனம் இதை வாயால் சொன்னால் போதாது, மருத்துவச் சான்றோடு நிறுவ வேண்டும். உயர் நீதிமன்றங்கள் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. தலைக்காய வழக்குகளில் ஒரு பங்கைக் கழித்த தீர்ப்புகளும் உண்டு, ஒரு ரூபாய்கூடக் கழிக்க மறுத்த தீர்ப்புகளும் உண்டு.

கழித்தாலும் எவ்வளவு போய்விடும்? மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 30 வயதுக்காரர், அவரை நம்பி நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால வருமான உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 17. ஆக, 32,13,000 ரூபாய். இந்தக் கணக்குமுறை உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்துக் கொடுத்தது. ஹெல்மெட்டுக்காக 10 விழுக்காடு கழித்தாலும் போவது 3,21,300 ரூபாய்தான். மிச்சம் 29 லட்சத்தை ஊர்ப்பேச்சை நம்பி விட்டுவிடுவதில் என்ன அர்த்தம்?

உண்மையில் வழக்கைக் கெடுப்பது வேறொன்று. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் ஒரு வரி எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்பது இதுதான். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டாம் என்று நினைக்கும் நண்பர்கள் 'வண்டி சறுக்கி விழுந்துட்டாருங்க' என்று சொல்லிவிடுகிறார்கள். அதுவே பதிவாகிவிடும். பத்து நாள் கழித்து, வேன் மோதியது என்று புகார் கொடுத்தால், இன்சூரன்ஸ் வழக்கறிஞர் முதலில் நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். ஹெல்மெட் இல்லாததால் போவது ஒரு பங்கு என்றால், இந்த ஒரு வரியால் முழு இழப்பீடும் போய்விடக்கூடும். அதேபோல், ஹெல்மெட் போட்டிருந்தார் என்று பொய் எழுதி வைப்பதும் ஆபத்து. ஒரு பொய் வெளிப்பட்டுவிட்டால் மற்ற உண்மைகளையும் தீர்ப்பாயம் சந்தேகத்தோடு பார்க்கும். எந்த வண்டி, என்ன எண், எந்தப் பக்கத்திலிருந்து வந்து மோதியது என்பதை உள்ளபடி சொன்னாலே போதும்.

இந்தப் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. விபத்து நடக்கும் இடம் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம். ஆம்புலன்ஸ் ஓடுவதோ பெரும்பாலும் புதுச்சேரிக்கு. காலாப்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஜிப்மர் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். 'எங்க லிமிட் இல்ல' என்று காவல் நிலையங்கள் கைவிரித்தால் கலங்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, எந்த எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் தகவலை எந்தக் காவல் நிலையமும் பதிவு செய்ய வேண்டும். பிறகு உரிய நிலையத்துக்கு அது போகும். பழைய தண்டனைச் சட்டத்தின் 279, 338, 304ஏ எண்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அவை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125, 106(1).

முதல் இரண்டு நாள் சிகிச்சைச் செலவுக்குத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்-நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் இதே வட்டாரத்துக்குச் சற்று வடக்கே மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எந்த ஊர்க்காரருக்கும் பொருந்தும். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், ஏழு நாட்களுக்குள் 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. எந்தத் திட்டம் அங்கே செல்லும் என்று மருத்துவமனைக் கவுன்டரிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து, பணம் எந்த வழியில் வரும்? எதிர் வண்டிமீது தவறு என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் தீர்ப்பாயத்தில் மனு. விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் வசிக்கும் ஊரிலோ போடலாம். பெங்களூரிலிருந்து வந்து அடிபட்டவர் பெங்களூரிலேயே போடலாம். யார் தவறு என்று நிறுவ முடியாத நிலையில் 164-வது பிரிவு: மரணத்துக்கு 5 லட்சம், கடுங்காயத்துக்கு 2.5 லட்சம். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் 166-ல் போட்ட மனு காலாவதியாகிவிடும். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் மரணத்துக்கு 2 லட்சம், கடுங்காயத்துக்கு 50,000. இதற்கு வருவாய்த் துறை அதிகாரி வழியாக விண்ணப்பம். தானாக விழுந்தவருக்கு எதிராளி என்று யாரும் இல்லை. வண்டி அவர் பெயரில் இருந்து, உரிமம் இருந்து, போதையில் இல்லாமல், பாலிசியில் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடும் எடுத்திருந்தால், மரணத்துக்கோ முழு ஊனத்துக்கோ 15 லட்சம். பிரீமியத்தில் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க இதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் பாலிசியை எடுத்து ஒருமுறை பார்க்கட்டும். பின்னால் உட்கார்ந்து போனவருக்கு, அந்த வண்டிக்கு வெறும் தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டுமே இருந்தால், அந்தப் பாலிசியிலிருந்து ஒன்றும் வராது. முழுக் காப்பீடு இருந்தால் வரும்.

வாடகைக்கு ஸ்கூட்டர் எடுப்பவர்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்து எடுக்க வேண்டும். சட்டப்படி வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது பாலிசி நிபந்தனை மீறல். அந்த வண்டியால் மற்றவருக்கு அடிபட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். நிறுவனத்தின் பொறுப்பையே நீக்கிவிடவும் வழியுண்டு. ஓட்டியவர் தானே விழுந்தால் உரிமையாளருக்கான அந்த 15 லட்சம் அவருக்குக் கிடையாது. எதிர் வண்டி மோதியிருந்தால் மட்டும் கவலையில்லை. அந்த வண்டியின் இன்சூரன்சில் இவரும் மூன்றாம் நபர்தான்.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? மழைக்காலத்தில் வேலையே இருக்காது. அதனால் வருமானம் நிரூபிக்க முடியாது என்று ஒதுங்க வேண்டாம். எந்த ஆவணமும் இல்லாத ஒரு காய்கறி வியாபாரிக்கு மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேலை கொடுத்தவரின் சாட்சியம், வங்கிக் கணக்கு, தொழிலாளர் நல வாரிய அட்டை எதுவானாலும் கைகொடுக்கும். கை போன உப்பளத் தொழிலாளிக்கும் கை போன கணக்கருக்கும் இழப்பு ஒன்றல்ல. செய்த வேலையை எவ்வளவு பாதித்தது என்றே ஊனத்தை அளக்க வேண்டும் என்பது 2010 முதல் உறுதியான நெறி.

அன்றிரவே பெரியவர்கள் கூடி, 20,000 ரூபாயைக் கையில் கொடுத்து 'கேஸ் வேணாம்பா' என்று முடித்து வைக்கும் பஞ்சாயத்துகளை நான் எதிர்க்கிறேன். தலையில் பட்ட அடியின் முழு விளைவு அன்றிரவே தெரிந்துவிடாது. ஆஸ்பத்திரி வாசலிலேயே 'பாதிக்குப் பாதி' பேசி வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிற தரகர்களும் இதே ரகம்தான். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதியே தடை செய்கிறது.

காலக்கெடு ஒன்று இருக்கிறது. 1994-ல் நீக்கப்பட்ட கால வரம்பு, 2022 ஏப்ரல் 1 முதல் திரும்ப வந்துவிட்டது: விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். போலீசார் 90 நாளில் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டிய விரிவான விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருந்தாலும், உங்கள் மனுவை நீங்களே போட்டுவிடுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.