நாற்பதைத் தாண்டிய கண்ணும் கான்டாக்ட் லென்ஸும்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்கிறவர் அறுந்த பாவு இழையைத் தேடியெடுத்து, நுனியை விரலால் முறுக்கிப் பிணைக்கும்போது முகம் தறியோடு ஒட்டியிருக்கும். நாற்பது வயதுக்குமேல் அந்த இழை மங்கத் தொடங்கும். அதே ஊரில் வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்க்கிற, கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கும் அந்த வயதில் கைப்பேசி எழுத்து மங்குகிறது. "கண்ணாடி போட்டாப் படிக்க முடியுது, லென்ஸ் போட்டா முடியலையே" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் லென்ஸில் பழுதில்லை.

கிட்டத்தில் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் தடித்துக் குவிய வேண்டும். வாழ்நாள் முழுக்க அதன்மேல் புதிய இழைகள் படிந்துகொண்டே வருவதால் அது மெல்ல விறைக்கிறது. பத்து வயதில் 12 டயாப்டருக்கு (லென்ஸ் பவரின் அலகு) மேல் இருந்த குவியும் திறன், ஐம்பதில் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். இதுதான் வெள்ளெழுத்து.

கிட்டப்பார்வை உள்ளவருக்கு இதில் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு. கண்ணாடி, கண்ணுக்கு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. அந்தச் சிறு இடைவெளியால், மைனஸ் 6 பவர் உள்ளவர் 40 சென்டிமீட்டரில் படிக்கும்போது கண் 2.1 டயாப்டர் அளவுக்குக் குவிந்தால் போதும். கருவிழிமேலேயே உட்காரும் கான்டாக்ட் லென்ஸோடு 2.4 வேண்டும். இருபது வயதில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நாற்பத்தைந்தில் எழுத்து தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் அதுவே காரணமாகலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கிற வசதியும் லென்ஸில் கிடையாது.

எளிய வழி, லென்ஸுக்கு மேலேயே படிக்கும் கண்ணாடி. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் ஒதுக்குவதும் உண்டு. அதில் ஆழம் கணிப்பது சற்றுக் குறையும் என்பதால், இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஒரே லென்ஸில் பவர் தரும் மல்டிஃபோகல் லென்ஸ் நல்லது, விலைதான் கூடுதல்.

படிக்கும் கண்ணாடியை அற்பமாக நினைக்க வேண்டாம். அசாம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. கண்ணாடி கிடைத்தவர்களின் உற்பத்தித் திறன், கிடைக்காதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. நம் நெசவாளர்களுக்கும் கொட்டான் முடைகிற பெண்களுக்கும் இது பொருந்தாதா?

கடையில் நீங்களாகவே பவரை மாற்றி வாங்காதீர்கள்; கண் மருத்துவரிடம் காட்டி, கண் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென ஒரு கண் மட்டும் மங்கினாலோ, சிவந்து வலித்தாலோ அது வெள்ளெழுத்து அல்ல. லென்ஸை உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.