பழைய லேப்டாப்பில் பாதியில் நிற்கும் அப்டேட்: பார்மட் செய்யுமுன் பார்க்க வேண்டியவை

வணிகப் பெருமக்கள் பலர் இன்று கடைக்கென்று புது லேப்டாப் வாங்குவதில்லை. ஏதோ ஒரு கம்பெனியில் மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்து, துடைத்துச் சரிபார்த்து மறுவிற்பனைக்கு வரும் லேப்டாப்பையே வாங்கிப் போடுகிறோம். இதில் குறையொன்றும் இல்லை. பில் போடவும், சரக்கு இருப்புப் பார்க்கவும், மாதம் தவறாமல் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யவும் இதுவே தாராளம். ஆனால் இவற்றில் அடிக்கடி வரும் தொல்லை ஒன்று உண்டு. காலையில் கடை திறந்து ஆன் செய்தால் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். 30 சதவீதம் என்று காட்டும். அரை மணி கழித்துப் பார்த்தாலும் அதே 30. இன்னும் சில இடங்களில் அப்டேட் இறங்கும், தோற்கும், மறுநாள் மறுபடி இறங்கும். மாதக்கணக்கில் இதே கதை.

உடனே தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். அவர் சொல்லும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான். "பார்மட் பண்ணிடலாம் அண்ணாச்சி, அரை மணி வேலை." அவருக்கு அது அரை மணி வேலை. நமக்கோ வாடிக்கையாளர் கடன் பாக்கி, மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய தொகை, மூன்று வருடத்துப் பேரேடு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவு, ஆண்டு விவர அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. அதாவது 2022-23 ஆண்டுக் கணக்கை 2029 டிசம்பர் 31 வரை காட்ட முடிய வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர், அது அழிந்தாலும் மீட்டெடுக்கும்படி முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 57 தனியாகவே கூறுகிறது. ஆகவே நகல் எடுக்காமல் பார்மட்டுக்குச் சம்மதிக்கவே கூடாது என்பது நமது உறுதியான கருத்து.

நகல் என்றால் பில் போடும் புரோகிராமில் உள்ள 'பேக்கப்' வசதியைக் கொண்டு எடுப்பதே சரி. டேலி வைத்திருப்பவர்கள் அதன் டேட்டா எந்த போல்டரில் இருக்கிறது என்பதைத் திரையிலேயே பார்த்துக் குறித்துவையுங்கள். திரை முகப்பில் தெரியும் டேலி படத்தை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டால் அதில் கணக்கு வராது, வெறும் குறுக்குவழிதான் வரும். எடுத்த நகலை மகன் வீட்டிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி பில் எண் சரியாக வருகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகல் எண்ணிப் பார்க்காத பணக்கட்டு போலத்தான்.

இனி அப்டேட்டுக்கு வருவோம். ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதுபோல் தோன்றினால் அவசரப்பட்டு அணைக்க வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பில் ஓர் அப்டேட் இரண்டு மூன்று மணி நேரம் இழுப்பதும் உண்டு. டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். பல மணி நேரமாக விளக்கும் அசையவில்லை, எண்ணும் அசையவில்லை என்றால் மட்டுமே பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்தி அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யலாம். செய்த மாற்றங்களைத் திரும்ப எடுப்பதாக விண்டோஸ் அறிவித்தால் அதையும் முடிக்க விடுங்கள். இன்னொன்று: பழைய லேப்டாப்பின் பேட்டரி பெரும்பாலும் கால் மணிகூடத் தாங்காது. அப்டேட்டின் நடுவில் கரண்ட் போனால் பிழைத்திருக்கும் விண்டோஸும் கெட்டுப்போகலாம். யு.பி.எஸ். இல்லாத கடையில் மின்தடை அறிவித்த நாளில் இதைத் தொடாதிருப்பது நல்லது.

பல இடங்களில் காரணம் மிக எளியது. முதலில் தேதியைப் பாருங்கள். லேப்டாப்பின் உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சிறு பொத்தான் பேட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்துபோனால், மெயின் பேட்டரியும் செத்திருக்கும் லேப்டாப்பில் கரண்டைப் பிடுங்கியதும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் மைக்ரோசாப்டின் கம்ப்யூட்டரோடு பாதுகாப்பான இணைப்பு ஏற்படாது. அப்டேட் தொடங்கவே தொடங்காது. அதே தவறான தேதியில் நாம் பில்லும் போட்டுக்கொண்டிருப்போம்! அந்தப் பேட்டரியை மாற்றப் பெரிய செலவில்லை.

அடுத்தது இடம். சி டிரைவில் 20 ஜிபி அளவுக்காவது காலியிடம் இருந்தால்தான் பெரிய அப்டேட்டுகள் நிம்மதியாக அமரும். 'செட்டிங்ஸ்' உள்ளே 'ஸ்டோரேஜ்' பகுதியில் தற்காலிகக் கோப்புகளை நீக்கலாம். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதில் குறியிட்டுவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. தளத்திலிருந்து இறக்கிய படிவங்களையும் கம்பெனிகள் அனுப்பிய பில்களையும் பலர் அங்கேதான் விட்டுவைத்திருக்கிறோம்.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கடை நடத்துபவர்கள் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்ற அமைப்பையும் பார்க்க வேண்டும். அது போடப்பட்டிருந்தால், டேட்டா செலவாகாமலிருக்க அப்டேட்டை விண்டோஸ் தானாக இறக்காது. அது பழுதே அல்ல.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தோற்கிறது என்றால் பாதி இறங்கிக் கெட்டுப்போன கோப்புகளைக் களைய வேண்டும். 'சர்வீசஸ்' ஜன்னலைத் திறந்து 'விண்டோஸ் அப்டேட்' என்பதையும், 'பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்பர்' என்பதையும் நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் 'சாப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று ஒரு போல்டர் இருக்கும். அதன் பெயரின் கடைசியில் 'பழையது' என்பதுபோல ஏதேனும் சேர்த்து மாற்றிவிட்டு, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே புதிய போல்டரை உண்டாக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்கும். இதில் நம் கணக்குகளுக்குச் சேதமில்லை. பழைய அப்டேட்டுகளின் பட்டியல் மட்டும் மறைந்துபோகும்.

எல்லாத் தோல்விக்கும் நம் பெட்டியே காரணம் என்றும் எண்ண வேண்டாம். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட், மீட்புக்கென்று ஒதுக்கிய டிஸ்க் பகுதியில் 250 எம்பி காலியிடம் இல்லாத கம்ப்யூட்டர்களில் எல்லாம் 80070643 என்று முடியும் பிழை எண்ணோடு தோற்றது. நல்ல லேப்டாப்புகளும் அதில் மாட்டிக்கொண்டன. பிழை எண்ணைத் தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுத்தால் அவர் வேலை பாதி குறையும்.

மறுவிற்பனை லேப்டாப்புக்கே உரிய சிக்கல்கள் வேறு உண்டு. அப்டேட் பக்கத்தில் 'சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால் எச்சரிக்கையாயிருங்கள். பழைய கம்பெனியின் கட்டுப்பாடு இன்னும் நீங்காமல், அந்தக் கம்பெனியின் சர்வரையே லேப்டாப் தேடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் நாம் எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை. விற்றவரிடம்தான் திரும்பிப் போக வேண்டும். சில விற்பனையாளர்கள் வேகமாக ஓட வேண்டுமென்று அப்டேட் வசதியையே அறுத்தெடுத்த திருத்திய விண்டோஸைப் போட்டுத் தருகிறார்கள். அங்கே நம் பேக்கப்பை வைத்துக்கொண்டு அசல் விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் வழி. பார்மட் நியாயமாகும் இடம் இது.

கடைசியாக, நம் லேப்டாப்புக்கு அப்டேட் வர வேண்டியதுதானா என்றும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றைத் தனிநபர் கம்ப்யூட்டர்களுக்கு மைக்ரோசாப்ட் அறிவித்தது; அதில் சேர 22எச்2 என்ற கடைசிப் பதிப்பு இருக்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும். ஐ5 என்று ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. பின்னால் வரும் எண் 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 6300 என்றால் ஆறாம் தலைமுறை. ஆறாம் தலைமுறையில் குறுக்குவழியாக விண்டோஸ் 11 போட்டு விற்கிறார்கள். ஓடும், ஆனால் ஆண்டுதோறும் வரும் புதுப் பதிப்பு அதற்குத் தானாக வராது. 23எச்2 பதிப்பில் நின்றுபோன ஹோம், புரோ விண்டோஸ் 11-க்கு 2025 நவம்பர் 11-உடன் திருத்தங்கள் நின்றுவிட்டன. அந்த லேப்டாப்பில் பேங்க் கணக்கைத் திறக்காமல், இணையத்தைத் துண்டித்து பில் போட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்கப் போகும் அன்பர்கள் பணம் கொடுக்குமுன் கடையிலேயே பிராசஸர் எண்ணையும், தேதியையும், அப்டேட் பக்கத்தையும் திறந்து பாருங்கள். 'செக் பார் அப்டேட்ஸ்' என்பதை அழுத்தி ஓர் அப்டேட்டாவது முழுதாக முடிவதைக் கண்ணால் பார்த்தபின் பில் கேளுங்கள். அந்த பில்லில் லேப்டாப்பின் வரிசை எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்க வேண்டும்.